படர்க்கையில் பேசிக்கொள்கிறோம்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பதினொரு பிளாஸ்டிக் நாற்காலிகள் உண்டு. ஒன்றுக்குப் பின்னங்காலில் விரிசல். பழகியவர்கள் அதன் பக்கம் போக மாட்டார்கள். புதிதாக வருகிறவர் அதில் உட்காரப் போனால் நாலு பேர் ஒரே குரலில் "அது வேணாம்" என்று கத்துவோம். தூக்கிப் போடலாமே என்று கேட்பீர்கள். அரசாங்க நாற்காலி அது, இருப்புப் பதிவேட்டில் ஏறியது. கணக்கு முடித்து அதை வெளியே தள்ள யார் யார் கையெழுத்து வேண்டும் என்று நூலகர் ஒரு தடவை விளக்கினார். பாதியிலேயே நான் விட்டுவிட்டேன்.

நூலகத்தில் வாசகர் வட்டம் என்று ஒன்று பல வருஷமாக இருக்கிறது. நான் முதன்முதலில் போனபோது வட்டம் பெயரில் மட்டும்தான் இருந்தது, நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. முன்னால் மேஜை, பச்சை விரிப்பு, பின்னால் பிளெக்ஸ். பிளெக்ஸில் பதினான்கு முகங்கள், கீழே ஒன்பது பேர். வரவேற்புரை, தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று எல்லாம் முறைப்படி நடந்தது. சிறப்புரையாற்றியவர் ஒரு நாவலைப் பற்றி ஒரு மணி பத்து நிமிஷம் பேசினார். கீழே இருந்தவர்களில் ஒருவர்கூட அதைப் படித்திருக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். கடைசியில் பொன்னாடை, போட்டோ, காராபூந்தி, டீ. ஒரு வார்த்தை பேசாமல் போனேன், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினேன். தமிழ்நாட்டில் இலக்கியக் கூட்டம் என்றால் பெரும்பாலும் இதுதான். யாரையும் குறை சொல்லவில்லை, அப்படியே பழகிவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனதற்கும் இலக்கியத்துக்கும் சம்பந்தமில்லை. அம்மாவுக்கு மறதி நோய். கொரோனாவின் இரண்டாவது அலை ஓய்ந்த சமயம், வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்திருந்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து, வயலுக்குச் சோறு கொண்டுபோக வேண்டும் என்று கதவைத் தட்டுவாள். அந்த வயலை விற்று இருபது வருஷம் ஆகிறது. ஞாயிறு மாலை நாலிலிருந்து ஆறு வரை தம்பி பெண்டாட்டி வந்து பார்த்துக்கொள்வாள். வாரத்தில் எனக்குக் கிடைத்த இரண்டு மணி நேரம் அது. கோயிலுக்குப் போனால் தெரிந்தவர்கள் "அம்மா எப்படி இருக்காங்க" என்று பிடித்துக்கொள்வார்கள். கடைத்தெருவிலும் அதே கதை. நூலகத்தில் மட்டும்தான் யாரும் எதுவும் கேட்கவில்லை. பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டால் போதும், ஊரே விலகிப் போகும். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் என்பதும் எனக்கு வசதியாகப் போயிற்று.

பிறகு புது நூலகர் மாற்றலாகி வந்தார். நாற்பது வயசு இருக்கும், அதிகம் பேசாத ஆள். இரண்டாவது கூட்டத்திலேயே மேஜையைச் சுவரோரம் தள்ளச் சொன்னார். "மைக் வேணாம் சார், இருக்கிறது பத்துப் பேரு" என்றார். ஒரு சிறுகதையின் ஜெராக்ஸை ஆளுக்கொன்று கொடுத்தார். ஐந்து பக்கம். "யாரும் படிச்சிட்டு வர வேணாம். இங்கேயே சத்தமாப் படிப்போம். ஆளுக்கு ஒரு பத்தி. படிக்கப் பிடிக்கலன்னா பக்கத்துல குடுத்துடுங்க. எங்க நிறுத்தணும்னு தோணுதோ அங்க நிறுத்தலாம்."

அவ்வளவுதான் ஏற்பாடு. முன்னிலை வகிக்க வந்திருந்த ஒரு பெரியவருக்குக் கோபம். அடுத்த மாதம் அவர் வரவில்லை.

அன்றைய கதையில் ஒரு மருமகள், படுத்த படுக்கையான மாமியார். கதையின் பெயர் இங்கே வேண்டாம். மருமகள் ஒரு நாள் கஞ்சியை ஆற்றி வைத்துவிட்டு, கொடுக்காமல் வாசலில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். உள்ளேயிருந்து கூப்பிடும் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அந்த இடம் வந்ததும், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பெண் ஒருத்தி நிறுத்திவிட்டு, "என்ன இவ, ராட்சசி மாதிரி" என்றாள். யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்போது நான் சொன்னேன்: "இல்லம்மா. அவ தூங்கி ரொம்ப நாளாச்சு."

கதையில் அவள் தூக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆமா, இருக்கும்" என்று தையற்கடைக்காரர் சொன்னார். வாசிப்பு தொடர்ந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது காலில் செருப்பு இருப்பது தெரிந்தது, காற்று அடிப்பது தெரிந்தது. அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் படித்தோமே, தன்மை, முன்னிலை, படர்க்கை என்று. அன்று நான் சொன்ன வாக்கியத்தைத் தன்மையில் சொல்லியிருந்தால், "நான் ஒரு நாள் அம்மாவுக்குச் சோறு போடாம உக்காந்திருந்தேன்" என்று ஆகியிருக்கும். எந்தத் தெருவில், யாரிடம் அதைச் சொல்வது? யாராவது முன்னிலையில், "நீ அப்படிச் செஞ்சியா?" என்று கேட்டிருந்தால் சாமி சத்தியமாக இல்லை என்றிருப்பேன். "அவ தூங்கி ரொம்ப நாளாச்சு" என்பதில் மட்டும் பொய்யும் இல்லை, வாக்குமூலமும் இல்லை.

இது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற பெண்களைப் பாருங்கள். கிடப்பது ஒரு பிணம், அழுவது ஆளுக்கொரு துக்கம். பத்து வருஷத்துக்கு முன் போன புருஷனை, பிறந்த வீட்டில் கொடுக்காத சீரை, சொல்லாமல் விழுங்கிய வசவை எல்லாம் அடுத்தவர் வீட்டு எழவில் கட்டிப் பிடித்து அழுது தீர்த்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போவார்கள். "எந்தத் துக்கத்துக்கு அழுதே" என்று ஒருவரும் கேட்பதில்லை. என் அக்காவை ஆரணிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அங்கே காரியத்துக்குக் கூத்து வைப்பார்கள், கர்ண மோட்சம். மாமா இறந்தபோது விடிய விடிய உட்கார்ந்து பார்த்தேன். கணவன் செத்ததற்குக் கண்ணில் நீர் வராமல் மரமாக இருந்த அக்கா, விடியற்காலை நாலு மணிக்குக் கர்ணன் களத்தில் விழுந்தபோதுதான் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். கர்ணனுக்காக. கூத்துக்காரர்களுக்கு இது தொழில் ரகசியம்கூட இல்லை, தெரிந்தேதான் ஆடுகிறார்கள்.

வெளிநாட்டில் இதை ஒழுங்காகச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஜேன் டேவிஸ் என்ற ஆசிரியை தொடங்கிய 'தி ரீடர்' என்ற அமைப்பு. 2000-களின் தொடக்கத்தில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிர்கன்ஹெட்டில் கூட்டு வாசிப்பைத் தொடங்கினார்கள். முன்கூட்டிப் படிக்க வேண்டாம், சத்தமாக வாசிப்பது, தோன்றினால் பேசுவது, இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பது. எங்கள் நூலகர் சொன்ன அதே விதி. அவர் இதைக் கேள்விப்பட்டிருந்தாரா என்று கேட்டேன். "இல்லீங்க, ஜெராக்ஸுக்குத்தான் காசு இருந்துச்சு. ஆளுக்கொரு புஸ்தகம் வாங்க முடியாதுல்ல" என்றார்.

அதே இங்கிலாந்தில் 2013 முதல் வேறொரு திட்டமும் நடக்கிறது. மனச்சோர்வு, பதற்றம் என்று வருகிறவர்களுக்கு மருத்துவர்கள் இன்ன புத்தகம் படியுங்கள் என்று பரிந்துரைப்பார்கள். அது பக்கத்து நூலகத்தில் கிடைக்கும். வல்லுநர்கள் சரிபார்த்த பட்டியல். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இங்கே அதை அப்படியே செய்தால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம். நம் நூலகங்களில் மனசு சம்பந்தமான அலமாரியில் பாதிக்கு மேல் 'கவலையை விரட்டு, கோடீஸ்வரன் ஆகு' வகையறா. தூக்கமில்லாமல் கிடக்கிறவனிடம் அதைக் கொடுத்தால், தூங்க முடியாததும் தன் தப்புதான் என்று நினைத்துக்கொள்வான். எனக்கு ஒரு மோசமான சுயமுன்னேற்ற நூலைவிட ஒரு சுமாரான சிறுகதை மேல்.

ஏன் நூலகம், மருத்துவமனை இருக்கிறதே என்று என் தம்பி கேட்டான். பெங்களூரில் இருக்கிற நிமான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வரவே இல்லை. டாக்டர் பற்றாக்குறை ஒரு காரணம். இன்னொரு காரணம் எங்கள் தெரு. தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வருகிற நாளில் அந்த அறை வாசலில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது சாயங்காலத்துக்குள் பால் சொசைட்டிக்கு வந்துவிடும். நூலகத்துக்குப் போகிறவரை "எதுக்குப் போனே" என்று யாரும் கேட்பதில்லை. பேப்பர் பார்க்க, மழைக்கு ஒதுங்க, வீட்டில் சண்டை ஓயும்வரை உட்கார, எதற்கும் போகலாம். காசும் கேட்க மாட்டார்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள் அல்லவா? 1948-ன் நூலகச் சட்டம் வந்ததிலிருந்து வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். இப்போது நூறு ரூபாய் வரிக்குப் பத்து ரூபாய். அந்தச் சட்டத்துக்காக ஓயாமல் நடையாக நடந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் எங்களுக்கு அக்கம்பக்கம்தான், சீர்காழிக்காரர். 1931-ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். எங்களுக்குக் கட்டடமே இருக்கிறது, மழையில் ஒழுகினாலும்.

ஆனால் கட்டடத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பக்கத்து ஊர் நூலகம் ஒன்றிலும் இப்படி ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்தில் பெண்கள் நின்றுவிட்டார்கள். காரணம் கதையும் இல்லை, கூட்டமும் இல்லை. அங்கே கழிப்பறை இல்லை. ஐம்பது வயசுப் பெண், சர்க்கரை இருக்கிறவள், இரண்டு மணி நேரம் எங்கே உட்காருவாள்? மனநலம், சமூக ஆதரவு என்று எதைப் பேசினாலும் முதலில் ஒரு தாழ்ப்பாள் விழுகிற கதவு வேண்டும்.

எங்கள் கூட்டத்திலும் எல்லாம் நன்றாகவே நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

தினமும் காலை ஒன்பதுக்கு வந்து, நாளிதழின் நடுப்பக்கத்தைத் தனியாக உருவி எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருகிற ஒருவர் இருக்கிறார். ரிட்டயர்டு கண்டக்டர். சில்லறையை இன்னும் விரலிடுக்கில் அடுக்கி எண்ணுவார். அவருடைய மகன் இல்லை. எப்படி இல்லாமல் போனான் என்பது ஊருக்கே தெரியும், ஒருவரும் வாயெடுத்ததில்லை. வட்டம் போட்ட நாலாவது மாதம் தானாக வந்து உட்கார்ந்தார். அன்றைக்குப் படித்த கதையில் வீட்டைவிட்டுப் போய்த் திரும்பாத ஒரு பையன். அவர் முறை வந்தபோது ஒரு பத்தியை டிக்கெட் கிழிக்கிற மாதிரி கணீரென்று படித்தார். பேச்சு வந்தபோது, "அந்தப் பையன் அப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தார், அவ்வளவுதான். எதிரே இருந்த ஒருவர், நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தோடுதான், "உங்க பையன் விஷயத்துல முன்கூட்டியே ஏதாவது தெரிஞ்சுதாங்க?" என்று கேட்டுவிட்டார்.

கண்டக்டர் ஜெராக்ஸை நாலாக மடித்தார். சட்டைப்பையில் வைத்தார். எழுந்து போய்விட்டார்.

படர்க்கையில் இருந்தவரைப் பிடித்து முன்னிலைக்கு இழுத்துவிட்டோம். கேட்டவர் ஒருவர்தான், தடுக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் பத்துப் பேர். நானும் அதில் ஒருத்தி.

அதற்குப் பிறகு நூலகர் ஒன்று சொன்னார். கதையில் இருக்கிறவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், எதிரில் இருக்கிறவரைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது. எந்தக் கதையானாலும் வீட்டில் அவர் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் இப்போது கொண்டுவருகிறார். தன்னைத்தானே முடித்துக்கொள்கிறவர் வருகிற கதைகளை இப்போதைக்கு எடுப்பதில்லை. கூட்டம் முடிந்ததும் ஜன்னல்களை ஒவ்வொன்றாக, வேண்டுமென்றே மெதுவாகச் சாத்துவார். ஆறு ஜன்னலுக்கு அரை மணி நேரம். யாராவது தனியாகப் பேச நின்றால் நிற்கட்டும் என்று. 2022 அக்டோபரில் மத்திய அரசு டெலி மானஸ் என்று இலவசத் தொலைபேசி ஆலோசனை தொடங்கியது, எண் 14416, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் யார் குறித்துக்கொள்கிறார்கள் என்று நாலு பேர் பார்ப்பார்கள். அதனால் புத்தகத்தின் பின்னட்டையில், ஊதா மையில் தேதி குத்துகிற தாளுக்கு மேலே, ஒரு விரல் அகலச் சீட்டாக ஒட்டி வைத்திருக்கிறார். திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதியைப் பார்க்கிற யாரும் அதைப் பார்த்தே ஆகவேண்டும்.

கண்டக்டர் மறுநாளும் காலை ஒன்பதுக்குப் பேப்பருக்கு வந்தார். அடுத்த நாளும். ஞாயிறு மாலை மட்டும் வரவில்லை. நூலகர் அவரிடம் எதுவும் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் கூட்டத்துக்கு மறுநாள், அந்த மாதக் கதையின் ஜெராக்ஸை அவர் எடுக்கிற நடுப்பக்கத்துக்குள் வைத்துவிடுவார். மூன்று மாதம். நாலாவது மாதம் நாங்கள் பாதி படித்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். காலியாக இருந்தது விரிசல் நாற்காலி ஒன்றுதான். அதில் உட்காரப் போனார். "அண்ணே, அது வேணாம்!" என்று நாலு பேர் கத்தினோம். தையற்கடைக்காரர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஸ்டூலுக்குப் போனார். விட்ட இடத்திலிருந்து வாசிப்பு தொடர்ந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். குரூப் 4-க்கு மூன்று வருஷமாகப் படித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் எங்களோடு இருந்தான். ரிசல்ட்டுக்குப் பிறகு அவன் பேச்சு மாறியது. குளிப்பதில்லை, தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்றான், கதையில் வருகிற பெயர்களெல்லாம் தன்னைக் குறித்தே எழுதப்பட்டவை என்றான். அவனுக்குப் படர்க்கை என்பதே இல்லாமல் போய்விட்டது. இன்னும் இரண்டு கூட்டத்துக்கு வந்தால் சரியாகிவிடுவான் என்று எங்களில் ஒருவர் சொன்னார். நூலகர் கேட்கவில்லை. அவன் அண்ணனுக்குப் போன் போட்டு வரவழைத்து, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். மருந்து, ஊசி, சில வாரம் உள்நோயாளி. நாலு மாதம் கழித்து வந்தான். உடம்பு போட்டிருந்தது, மாத்திரையால் கண் செருகியது, வாசிக்கும்போது ஒரு வரியை இரண்டு தடவை படித்தான். பக்கத்தில் இருந்த பெண் விரலால் அடுத்த வரியைக் காட்டினாள். கதை மருந்துக்கு மாற்று என்று யாராவது சொன்னால் எனக்கு அவன்தான் ஞாபகத்துக்கு வருவான்.

ஒரு தடவை ஊர்ப் பெரியமனிதர் ஒருவர் உதவ முன்வந்தார். 'மன அழுத்தம் போக்கும் வாசிப்பு முகாம்' என்று பெரிய பிளெக்ஸ் வைக்கலாம், செலவு தன்னுடையது என்றார். நூலகர் சிரித்தார். "அந்த போர்டைத் தாண்டி யாருங்க உள்ள வருவா?" என்றார். அதற்குப் பதிலாக ஜெராக்ஸுக்குப் பணம் கொடுங்கள் என்று கேட்டோம். போட்டோ இல்லாததால் அவருக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. பதிவேட்டில் இன்றைக்கும் 'வாசகர் வட்டக் கூட்டம், வருகை 11' என்றுதான் எழுதுகிறோம். வர வேண்டியவர்கள் எல்லோரும் வருகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. நடவுக் கூலிக்குப் போகிற பெண்களில் ஒருத்திகூட இன்னும் வரவில்லை. ஞாயிறு மாலை நாலு மணி அவர்களுடைய நேரம் இல்லை. அது யார் வசதிக்கு வைத்த நேரம் என்று யோசித்தால் பதில் நானாகத்தான் இருக்கிறேன்.

போன மாதம் தம்பி பெண்டாட்டிக்குக் காய்ச்சல். அம்மாவைத் தனியாக விட முடியாது, கூட்டத்தை விடவும் மனசில்லை. முகம் துடைத்து, நல்ல புடவை கட்டி, ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். டி.என்.பி.எஸ்.சி. பெண், அன்றைக்கு ராட்சசி என்றாளே அவளேதான், எழுந்து நாற்காலி கொடுத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோர் தலையும் குனிந்திருக்கிறது. ஒருவர் மட்டும் ஏதோ ராகமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சோகமான இடம் போல, ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அம்மா என் பக்கம் சாய்ந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்:

"யாருடி செத்தது?"

ஒரு நொடி யாரும் மூச்சுவிடவில்லை. நான் தலையை நிமிர்த்தவில்லை. முதலில் சிரித்தது கண்டக்டர்தான். தோள் குலுங்க, ஜெராக்ஸ் கையிலிருந்து நழுவ, கண்ணில் நீர் வருமளவு சிரித்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். எதற்கென்று தெரியாமல் அம்மாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கண்டக்டர் குனிந்து தாள்களைப் பொறுக்கினார். அம்மாவைப் பார்த்து, "கதையிலதாம்மா" என்றார். "கதையில ஒரு பையன்."

"அய்யோ பாவம்" என்றாள் அம்மா. "சின்னப் பையனா?"

"சின்னப் பையன்தான்" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, விட்ட வரியைத் தேடினார்.